இரண்டு காலும்

பதினேழாவது கிலோமீட்டரில்
தலைமை நடுவர் குறுக்கே வந்து
சிவப்பு மட்டையை நீட்டினார்,
பள்ளிப் பிள்ளைகளை நிறுத்தும் போலீஸ்காரர் மாதிரி
மரியாதையாக.

பலகையில் என் எண்ணுக்கு நேரே
மூன்று நெளிகோடு.
முழங்கால் மடங்கினால் கூர்க்குறி.
இரண்டு காலும் ஒரே சமயம் தரையை விட்டால்
நெளிகோடு.
நடைப்போட்டியில் அதைவிடப் பெரிய குற்றமில்லை.

ஓரமாய்ப் போய் எண்ணைக் கழற்றினேன்.
நான்கு ஊக்கு.
மூன்று சொன்னபடி கேட்டன.
நாலாவது பனியனைக் கிழித்துக்கொண்டுதான் வந்தது.

ஆசியாவே பார்க்கப் போகிறது என்று
ஏர்போர்ட்டில் மாலை போட்டுச் சொன்னார்கள்.
அந்த விடியலில் ஆசியா தூங்கிக்கொண்டிருந்தது.
பார்த்ததெல்லாம்
நடுவர்களும்
தண்ணீர் மேசையில் ஸ்பாஞ்சு பிழிந்த ஒரு பையனும்.

சென்ட்ரல் பார்சல் ஆபீஸில்
தணிகாசலம் சார் கேட்டார்:
"நடந்ததுக்கா வெளிய அனுப்புனாங்க?"
"இல்ல சார், பறந்ததுக்கு."
அவர் சிரிக்கவில்லை.
லீவு லெட்டரில் தேதியைத் திருத்தச் சொன்னார்.

ராத்திரி வியாசர்பாடியில்
கரன்ட் போன வீட்டுக்குள்
தம்பி செல்போனில் வீடியோவை மெதுவாக ஓட்டினான்,
ஒரு வினாடியைப் பத்தாக அரிந்து.
"பாருக்கா, எல்லாருமே பறக்குறாளுங்க."
தங்கம் வாங்கியவளும்
தாருக்கு ஒரு விரற்கடை மேலே
மிதந்துகொண்டிருந்தாள்.

கண்ணுக்குத் தெரியாதவரை அது நடை.
விதியே அப்படித்தான் எழுதியிருக்கிறது.
என்னுடையது
தெரிந்துவிட்டது.

மறுபடி காலை நாலரை, காமராஜர் சாலை.
இடுப்பை ஒடித்து ஒடித்துப் போகையில்
வாக்கிங் வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள்.
சிரிக்கட்டும்.
கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலை,
அங்கிருந்து திரும்பவும்.
குதிகால், விரல். குதிகால், விரல்.
ஒரு தடவைகூடத் தரையை விடவில்லை.
சத்தியமாக.

ஆறு மணி டியூட்டி.
நிறுத்தத்துக்கு இருபது அடி இருக்கும்போதே
பஸ் நகர ஆரம்பித்துவிட்டது.
ஓடினேன்.
"வாம்மா, வா வா வா" என்று
கண்டக்டர் கம்பியைத் தட்டினார்.
படிக்கும் தாருக்கும் நடுவே
இரண்டு காலும் எதிலும் இல்லை.

டிக்கெட்டுக்குச் சில்லறை தேடியபடி
ஜன்னல் வழியே பார்த்தேன்.
மணலுக்கு அந்தப் பக்கம் கடல்
ஒன்றன்பின் ஒன்றாக
நெளிகோடு போட்டுக்கொண்டே இருந்தது,
யார் எண்ணுக்கு நேரே
என்று தெரியவில்லை.