தக்காளிச் சாயம்

முதல் நாள் சிறுநீர் சிவப்பாய்ப் போக
நர்சம்மாவுக்கு போன் போட்டேன்.
"மாத்திரைச் சாயம்தான், முனிரத்தினம்.
கண் மஞ்சளானால் அன்றைக்கே ஓடி வா."

ராயக்கோட்டை மண்டியில் பெட்டி தூக்குகிறவனுக்கு
சாயம் புதிதா?
தோள் துண்டே தக்காளிதான்.

இரண்டே மாதம். இருமல் நின்றது,
நாலு கிலோ ஏறினேன்,
மிச்ச அட்டையைப் பரணில் வீசினேன்.
கெம்பம்மா ஏதும் கேட்கவில்லை.
அன்று அவளுக்கு வார மாத்திரை நாள்.
நோயே இல்லாதவள்
என் இருமலோடு படுத்த பாவத்துக்கு
ஒவ்வொன்றாய் விழுங்கினாள்,
மூன்றாவதில் குமட்டி, வாயைப் பொத்தி.

ஸ்டூல் போட்டு ஏறினேன்.

இன்று நூற்று முப்பத்தொன்றாம் நாள்.
வெறும் வயிறு. மலைமேல் பனி.
பெட்டி எண்பது ரூபாய்தானாம்.
லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான்.
அடிக்கட்டும்,
முதலில் தண்ணீர்.