இருபத்தேழு

இதற்குத் தமிழில் பேர் இல்லை.
லத்தீன் பேரைச் சொன்னால்
குழந்தையனுக்குச் சிரிப்பு வரும்.
பதிவேட்டில் வரிசை எண் இருபத்தேழு,
கூப்பிடுவதும் அப்படித்தான்.
"இருபத்தேழுக்குத் தண்ணி காட்டியாச்சாக்கா?"

நாகலூர்ச் சரிவில் ஒற்றை மரம்,
காப்பித் தோட்டத்து முள்கம்பிக்கு அந்தப்பக்கம்.
ஆறு வருஷமாய் ஏணி தூக்கிப் போகிறோம்.
காய் உண்டு. உடைத்தால் பதர்.
வெந்நீரில் போட்டோம், சாணிப்பாலில் ஊறவைத்தோம்,
உப்புத்தாளில் தோல் தேய்த்தேன்
என் நகம் தேய்ந்ததுதான் மிச்சம்.

இந்தச் சாதியில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு.
நப்பின்னை மேடம் எழுதியே அனுப்பிவிட்டார்:
ஆண் மரம் எதுவும் எஞ்சவில்லை, பதியன் ஒன்றே வழி.
பதியன் போட்டால்
மறுபடியும் இவளே, இவளே, இவளே.

போன ஐப்பசியில்
கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து
சேலம் பஸ் மூன்று நாள் ஏறாத வாரம்
தட்டில் மூன்று தலைகள்,
விதைத்தோலைத் தொப்பியாய் மாட்டிக்கொண்டு.
களை என்று நினைத்துக் கிள்ளப் போனேன்.
அதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை.

குழந்தையன் பீடியைக் காதில் செருகினான்.
"அப்போ ஆளு இருக்கான்க்கா."

இருக்கிறான்.
ஒரு தேனீ போய்த் திரும்பும் தொலைவில்,
சில்வர் ஓக் வரிசைக்குள் மிளகுக்கொடி சுமந்தபடியோ
பாக்சைட் வெட்டிய பள்ளத்தின் விளிம்பில்
பாதி வேர் வெளியே தொங்கவோ,
யார் கணக்கிலும் சேராமல்.

நான்கு மாதம் தேடினோம்.
உண்ணிக் காய்ச்சலில் குழந்தையன் பத்து நாள் படுத்தான்.
எஸ்டேட் மேனேஜர் என்ன தேடுகிறீர்கள் என்றார்.
மாப்பிள்ளை என்றேன்.
கேட் திறக்கவில்லை.

ஆடிச் சாரலில் மூன்றையும் நட்டோம்,
தாய்மரத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்.
ஒன்றைக் காட்டெருமை மிதித்துவிட்டது, வேண்டுமென்றல்ல.
இரண்டு நிற்கின்றன, முழங்கால் உயரம்.
பூத்தால்தான் தெரியும் எது என்னவென்று.
பூக்கப் பன்னிரண்டு வருஷமாவது ஆகும்.
எனக்கு சர்வீஸ் இன்னும் ஏழு.

படிவத்தில் 'பால்' என்று ஒரு கட்டம்.
காலியாய் விட்டால் கம்ப்யூட்டர் வாங்காதாம்.
ஆண் ஒன்று, பெண் ஒன்று என்று போட்டேன்.
மேடம் கண்ணாடியை இறக்கி
என்னை ஒருமுறை பார்த்தார்,
சன்னல் வழியே மழையை ஒருமுறை.
கையெழுத்துப் போட்டார்.