ஜீரோ கேட்டுக்கு முன்னால்

செவ்வாய்க்கிழமை எர்ணாவூரில் வரிசையில் சேர்ந்தது வண்டி.
இன்று வியாழன்.
பட்டினத்தார் கோயிலையே இப்போதுதான் தாண்டினோம்.
முதுகில் நாற்பதடி கண்டெய்னர், உள்ளே என்னவென்று தெரியாது.
முன்னால் இன்னொரு நாற்பதடி,
அதற்கு முன்னால் கண்ணுக்கெட்டும் தூரம் சிவப்பு விளக்கு.

போனில் சார்ஜ் இல்லை.
டீசல் பில்லைத் திருப்பிப் போட்டு
ஒன்று முதல் ஒன்பதுவரை
ஒவ்வொன்றையும் ஒரே முறை நிற்கவைக்கப் பார்த்தேன்.
முதல் இரண்டு இலக்கம் இரண்டால் வகுபட வேண்டும்,
முதல் மூன்று மூன்றால்,
இப்படியே ஆள் கூடக் கூட
பங்கில் சல்லிக்காசு மீதி விழக்கூடாது.

எங்கள் பேட்டா என்றைக்கும் அப்படிப் பிரிந்ததில்லை.
நானும் கிளீனர் மோசஸும், கிரேன்காரர், சீல் பார்ப்பவர்,
கடைசியில் யாராவது ஒருவர்
கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஐந்தாம் இடம் ஐந்துக்கு. அதில் பேச்சே இல்லை.
இரட்டைகள் இரட்டை இடங்களில் குந்திக்கொண்டன.
மூன்று, நான்கு, ஆறு, எட்டு என்று சலித்துப் போட்டதில்
மிஞ்சியது பத்தே எண்.
இதற்குள் வண்டி நான்கு முறை நகர்ந்திருந்தது.
மோசஸ் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

பிறகு ஏழு.
ஏழு ஒரு கஸ்டம்ஸ்காரன், முகத்தைப் பார்க்கமாட்டான்.
பத்தில் ஒருவன்
987654321.
ஒன்பதிலிருந்து படியிறங்கி வரும் மிடுக்கு,
இவன்தான் என்று பந்தயமே கட்டியிருப்பேன்.
முதல் ஏழு இலக்கத்தை வகுத்தேன்.
மீதி ஐந்து.
போ, ஓரங்கட்டு.

ஒன்பது பேரைத் திருப்பி அனுப்பியது ஏழு.
நின்றது ஒன்று:
381654729.

முப்பத்தெட்டுக் கோடி சொச்சம்.
பார்க்க ஒரு லட்சணமும் இல்லை.
ஏதோ கண்டெய்னர் கதவில் இருந்தால்
யாரும் இரண்டாம் முறை திரும்பமாட்டார்கள்.
ஆனால் அதன் முதல் ஏழை ஏழு பேருக்குப் பிரித்தால்
ஆளுக்கு 545221, கச்சிதம்.
எட்டாவது ஆள் வந்தாலும் உண்டு, ஒன்பதாமவனுக்கும் உண்டு.
இந்த ஒன்பது இலக்கத்தை
மூன்றரை லட்சம் விதத்துக்கு மேல் மாற்றி மாற்றி நிறுத்தலாம்.
அத்தனையிலும் இது ஒன்றுதான்
யாரையும் வெறுங்கையோடு அனுப்பாதது.
நம்பாமல் மறுபடி வகுத்தேன்,
பில்லில் இடம் தீர்ந்து உள்ளங்கையில்.

காசிமேட்டு மீன்வாடை ஏறியபோது மணி நாலு.
தூரத்தில் ஜீரோ கேட் விளக்கு.
எண்ணின் வாலில் ஒரு சைபர் போட்டேன்.
பத்துப் பேருக்கும் ஆச்சு.
பத்து இலக்கம்தான், ஆனாலும் போன் போட முடியாது,
மூன்றில் தொடங்கும் செல் நம்பர் நம் ஊரில் யாருக்கும் இல்லை.

சைக்கிளில் டீ கேனோடு வந்த புஷ்பலீலா
பில்லை எட்டிப் பார்த்தாள்.
"இன்னா கணக்கு, யாருக்கு எவ்ளோ பாக்கி?"
"யாருக்கும் பாக்கி இல்ல."
"அப்போ நேத்து குடிச்ச மூணு டீ?"

டீ பதினாலு. நாற்பத்திரண்டு.
ஏழால் மீதியில்லாமல் போகும் என்று
வாய்வரை வந்தது.
ஐம்பதாகக் கொடுத்தேன்.
சில்லறை இல்லை என்றாள்.
முன்வண்டி நகர்ந்தது.