இரண்டரை

மூன்றாவது கடையிலும் இல்லை.
இந்த ஊரில் இல்லை என்பதையும்
மன்னிப்புக் கேட்டுத்தான் சொல்வார்கள்.
வெளியே ஹோலிஹெட் துறைமுகத்தில்
மழை படுத்துக்கொண்டு பெய்தது.
பைக்குள் குப்பியைக் குலுக்கினேன்.
பதினொன்று.
எண்ண வேண்டியதில்லை,
குறையக் குறைய ஓசை கூடும்.

நான் சமையல்காரி.
டப்ளின் போய்த் திரும்பும் கப்பலில்
நடைக்கு நானூறு தட்டு.
கல்லைத் தின்றாலும் கரைக்கும் வயிறு
இருபது வயதில் எனக்கும் இருந்தது.
கணையம் கைவிட்ட பிறகு
ஒரு துண்டு சீஸ் கரைய
எங்கோ ஒரு பன்றி
தன் கணையத்தைத் தர வேண்டியிருக்கிறது,
பொடியாக, உறைக்குள், ஆரஞ்சு நிறத்தில்.

பதினொன்றை வைத்து ஒரு வாரம்.
பால் விடாத தேநீர்.
வெண்ணெய் காணாத ரொட்டி.
தோலுரித்த கோழி, அதன் பக்கத்தில்
வெட்கமாக ஓர் உருளைக்கிழங்கு.
குழம்பில் உப்புப் பார்க்க மூன்று கரண்டி வேண்டும்,
மூன்று கரண்டிக்கு ஒரு மாத்திரை.
கெரைன்ட்டைப் பார்க்கச் சொன்னேன்.
அவன் நாக்குக்கு எல்லாமே உப்புக் குறைவு.
அந்த வாரம் ஐரிஷ் கடலைக் கடந்தவர்கள்
தண்ணீர் கேட்டுக்கொண்டே கடந்தார்கள்.

செவ்வாய் இரவு நெஸ்டா கதவைத் தட்டினாள்.
கையில் பாதிக் குப்பி.
மேலே அவள் கணவன் பெயர், ஹவெல் பிரிச்சர்ட்,
"உணவோடு இரண்டு."
கடைசி மாதம் அவன் எதையும் உண்ணவில்லை.
"வீணாகப் போவானேன்" என்றாள்.
குப்பியைச் சொன்னாளா என்று தெரியவில்லை.
தேதி மார்ச்சில் முடிந்திருந்தது.
தொலைபேசியில் நர்ஸ் வேண்டாம் என்றாள்,
இரண்டு முறை, இரண்டு தொனியில்.
குளிர்பெட்டியின் மேல் வைத்தேன்.
இரவு தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம்
ஹவெல் என்னைப் பார்த்தான்.

வியாழன் அன்று மருந்தாளுநர் ரியானன் அழைத்தாள்.
வேறு பெயர், வேறு கம்பெனி, அதே பன்றி.
"உங்களுடையது இருபத்தைந்தாயிரம்,
இது பத்தாயிரம்தான்.
ஒன்றுக்குப் பதில் இரண்டரை."
அந்த அரையை எங்கே வைப்பது என்றேன்.
கொஞ்ச நேரம் அவளும் யோசித்தாள்.
"மூன்றில் தொடங்கச் சொல்கிறார் டாக்டர்.
மற்றதை வயிறு சொல்லும்."
ஆனால் சீட்டில் இருப்பது பழைய பெயர்.
புதுப் பெயருக்குப் புதுச் சீட்டு.
நடுவில் சனி, ஞாயிறு.
அலமாரியில் அது இருக்கிறது,
கவுன்டருக்கு இப்புறம் நான் இருக்கிறேன்,
இடையில் ஒரு கையெழுத்து மட்டும்
வார விடுமுறைக்குப் போயிருக்கிறது.

திங்கள்.
பழுப்பு நிறம். கொஞ்சம் சின்னது.
உள்ளே ஆடும் மணிகளின் ஓசையும் வேறு.
பழகிய செருப்பைத் தொலைத்தவள்
புதுச் செருப்பைப் பார்ப்பதுபோல் பார்த்தேன்.
நடுக்கடலில், மதிய நெரிசல் அடங்கியபின்,
ஆட்டிறைச்சியும் லீக்கும் போட்ட குழம்பு,
கொழுப்பு மிதக்க மிதக்க ஒரு கிண்ணம்.
முதல் வாய்க்கு ஒன்று.
பாதியில் ஒன்று.
கிண்ணத்தை ரொட்டியால் துடைக்கும் முன் ஒன்று.
மூன்றுக்கும் குளிர்ந்த தண்ணீர்,
சூடு பட்டால் செத்துவிடுமாம்.

பிறகு காத்திருப்பு.
வயிறு உறுமியது. எஞ்சினும் உறுமியது.
எது எதுவென்று பிரிக்க முடியாமல்
இரவு முழுக்கப் படுக்கையில் கேட்டுக் கிடந்தேன்.

இதைக் கவிதையில் எழுதுவதா என்றால்,
வேறெங்கே எழுதுவது.
எண்ணெய் படர்ந்து, போக மறுத்து
மிதப்பதையே பார்த்துச் சலித்த கண்ணோடு
விடியலில் கழிவறையில் குனிந்தேன்.

"மூழ்கிவிட்டது!" என்று கத்தினேன்.

கதவுக்கு வெளியே கெரைன்ட்டின் குரல்:
"கப்பலில் அந்த வார்த்தையைச் சொல்லாதே அம்மணி."