ஏழாம் தடத்து மேப்பிள்

டொலீடோவில் அந்த பௌலிங் கூடத்தை இடித்தபோது
ஏழாம் தடத்தின் பலகைகளை
நாற்பது டாலருக்கு வாங்கினேன்.
உள்ளே ஆணிகள். இரண்டு உளிகளுக்கு வாய் போயிற்று.
பந்துகள் உருண்டு உருண்டு இறுகிய மேப்பிள்;
இழைக்கும்போது பாகு காய்ச்சும் மணம்.

வெல்மாவுக்கு இடது கையில் சுண்டுவிரல் இல்லை.
அச்சு இயந்திரம் கேட்டது, கொடுத்துவிட்டாள்.
"ஒரு பேஸ் கிட்டார். என் கைக்கு."
அவ்வளவுதான் சொன்னாள்.

என் சுண்டுவிரலை மடக்கி
உள்ளங்கையோடு பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு
மூன்று வாரம் கழுத்தை இழைத்தேன்.
இழைப்பேன், பிடித்துப் பார்ப்பேன், இழைப்பேன்.
அந்தக் கையோடேதான் முட்டை உடைத்தேன்,
வண்டிக்கு பெட்ரோல் போட்டேன்.
காசாளர் பையன் "அடிபட்டதா?" என்றான்.
"ஆமாம், வேறொருவருக்கு."

வியாழக்கிழமை வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றவில்லை.
ஆம்ப்ளிஃபயரில் செருகி
கம்பிகளை ஒருமுறை தடவினாள்;
ஜன்னல் கண்ணாடி முனகியது.
பிறகு அவள் கட்டைவிரல்
கழுத்தின் மேல்விளிம்பைத் தாண்டி வந்து
தடித்த கம்பியை அழுத்தியது,
சாவகாசமாக,
பூனை மதிலேறுவது போல.

கட்டைவிரலை நான் யோசிக்கவே இல்லை.

"இந்த விளிம்பு கொஞ்சம் உறுத்துது" என்றாள்.
அரத்தைத் தேடினேன்.
கையில் எடுத்துக்கொண்டு நின்றேன்.
அவள் நிறுத்துவதாக இல்லை.