பன்னிரண்டு மீட்டருக்கு மேல்

"பன்னிரண்டு மீட்டருக்கு மேல் போகக் கூடாது"
என்றார் மெய்யனூர் காது டாக்டர்.
மேல் இல்லை டாக்டர், கீழ் என்றேன்.
சிரிக்கவில்லை.
சீட்டில் 12 எழுதி இரண்டு முறை அடிக்கோடிட்டார்.
நேத்ராணியில் போன வருஷம்
அவசரப்பட்டு இறங்கியதற்கு
இடது காது கொடுத்த ரசீது அது.

பன்னிரண்டு மீட்டர் எவ்வளவு?
ஃபேர்லேண்ட்ஸில் எங்கள் குடியிருப்பு நாலு மாடி.
மொட்டைமாடியில் நின்று
கீழே என் ஸ்கூட்டரைப் பார்த்தேன்.
அவ்வளவுதான்.
துணி உலர்த்திக்கொண்டிருந்த நசீமா கேட்டாள்:
"எதையாச்சும் கீழ போட்டுட்டீங்களா?"
இல்லை, அளக்கிறேன்.

சற்குணம் கரீபியன் வரைபடத்தை
சாப்பாட்டு மேசையில் விரித்திருந்தார்.
தட்டுவடை செட்டிலிருந்து ஒரு சொட்டு சட்னி விழுந்து
ஜமைக்கா காலி.
பத்து வருஷம் ஆர்டி கட்டிய பணம். ஒரே ஒரு பயணம்.
அவருக்கு பெலீஸின் நீலக்குழி வேண்டும்.
நாற்பது மீட்டரில் சுண்ணாம்பு விழுதுகள் தொங்குகின்றனவாம்,
கடல் வருமுன் அது குகையாம்.
எனக்கு அது
மேலே மிதந்தபடி பார்க்கும் கறுப்புப் பொட்டு.
கோசுமெல்லில் நீரோட்டம் இழுத்துக்கொண்டு போகும்,
சுவரின் விளிம்பு தாண்டினால் காலடியில் ஒன்றுமில்லை.
கேமனில் திருக்கைகள் இடுப்பை உரசிக்கொண்டு போகுமாம்,
கூடவே ஒரு கப்பல் ஜனமும் உரசும்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
எனக்கு ஆழம் தெரியும்.
தெரிந்த பின் எங்கே விடுவதென்று
பழமொழியில் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஏற்காடு ஏறினோம்.
மூன்றாவது வளைவிலேயே இடது காது அடைத்துக்கொண்டது.
மூக்கைப் பிடித்து ஊதக் கூடாதென்பது உத்தரவு.
எச்சில் விழுங்கினேன், கொட்டாவி விட்டேன்,
கடலைமிட்டாய் மென்றேன்.
வலப்பக்கம் ஸ்டீயரிங், சற்குணம்.
என் வலது காது கேட்கும், ஆனால் அது ஜன்னல்காற்றும்
லாரி இரைச்சலுமாய் நிறைந்திருந்தது.
ஏதோ சொல்லிக்கொண்டே வந்தார்.
"போனார்" என்று மட்டும் விழுந்தது.
யார் போனார்? சிவதாபுரம் சித்தப்பாவா?
அவர் கையை ஆட்டி, தொடர்ந்து பேசினார்.
துக்கமான முகம் வைத்துக்கொண்டேன்.

பன்னிரண்டாவது கொண்டை ஊசியில் திறந்திருந்தால்
பொருத்தமாய் இருந்திருக்கும்.
பதினான்கில்தான் டொப் என்றது.
சில்வண்டு. கியர். ஒரு குரங்கு தகரத்தை உருட்டுவது.
"…அதனால குழியெல்லாம் வேண்டாம், பொனேர்தான்."
தீவா? முதல்லேர்ந்து சொல்லுங்க.
"சொன்னா சொன்னதுதான்."
நீலக்குழியை அவர் விட்டுக்கொடுத்த பேச்சு
எட்டாவது வளைவுக்கும் பதினான்காவதுக்கும் நடுவே
எங்கோ கிடக்கிறது.

வண்டியை ஓரங்கட்டினோம்.
கீழே புகைமூட்டத்தில் சேலம்,
கடலடி மாதிரிதான்.
கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் குவியல்கள்.
அந்தத் தீவிலும் உப்பு இப்படித்தான்
மேடு மேடாய் வெளுத்திருக்குமாம்.
ரோட்டோரம் மஞ்சள் கல்லில் இடத்தின் பேர்,
இங்கே வளைவுக்கு எண் போட்டிருக்கிற மாதிரி.
படகு வேண்டாம்.
முழங்கால், இடுப்பு, மார்பு, பிறகு பவளம்.
சரிவு தொடங்குவதே பத்து மீட்டரில்.
விளிம்பில் நான் நிற்பேன்,
நீங்கள் போய் வாருங்கள்.
உங்கள் குமிழிகள் என்னைத் தாண்டித்தான்
மேலே போக வேண்டும்.

எட்டாம் வகுப்பில் கமலவேணி டீச்சர்
என் கட்டுரைக்கடியில் எழுதினார்:
மேலோட்டமாக இருக்கிறது.
சிவப்பு மை.
ஆழத்தில் முதலில் அணைகிற நிறம் சிவப்பு.
நீலக்குழியின் அடியில் சற்குணம் விரல் கீறிக்கொண்டால்
ரத்தம் பச்சையாய்த் தெரியும்.
நான் ஐந்து மீட்டரில் கிடப்பேன், ஆறில் கிடப்பேன்,
காற்றும் எனக்குக் கூட நேரம் வரும்,
கிளிமீன் பவளத்தைக் கடிக்கிற சத்தத்தை
நல்ல காதால் கேட்டுக்கொண்டு.

ராத்திரி படிவம் நிரப்பினோம்.
அதிகபட்ச ஆழம்: 12.
அவர் தன்னுடையதில் 40 எழுதி, அடித்து,
18 எழுதி, அதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.
பேனாவைக் கொடுங்க என்றேன்.
கொடுக்கவில்லை.