எட்டு

தடைக்காலம் அறுபத்தோரு நாள்.
கடலுக்குத்தான் ஓய்வு.
பாம்பன் வடக்குக் கரையில்
ஒரு கையும் சும்மா இல்லை.

ஏரா தெரியக் கரையேறிக் கிடக்கிற படகுக்கு அடியில்
மல்லாந்து படுத்திருக்கிறான் ஜஸ்டஸ்.
பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணித்து
உளியின் தலையில் ஒரு தட்டு,
பிறகு காதை வைக்கிறான்.
இறுகிய பஞ்சுக்கு ஒரு சத்தம்,
இறுகாததற்குப் பூசணிக்காய்ச் சத்தம்.
கண்ணைத் திறப்பதே இல்லை, தூசி விழுமாம்.

இழுவைப் பலகைக்கு இரும்புப் பட்டை வைக்கிறார் சேகு நைனா.
"பாக்காதீங்க" என்று
ஒவ்வொரு தடவையும் எல்லோருக்கும் சொல்லிவிட்டு
அவர் மட்டும் பார்க்கிறார்.
ராத்திரி கண்மேல் உருளைக்கிழங்கு வில்லை.

நான் எழுத்துக்காரி.
அக்காள்மடத்திலிருந்து ஏழு மணிப் பேருந்து,
மூன்று டப்பா, நாலு பிரஷ்,
சுண்ணாம்பில் தோய்த்த நூல்.

அணியத்தின் வளைவு சுவரைப் போல அல்ல.
நேராக எழுதினால் தூரத்தில் கோணும்,
கோண எழுதினால்தான் நேர்.
எவ்வளவு கோண என்று கேட்காதீர்கள்,
முப்பதடி பின்னால் போய்
ஒற்றைக் கண்ணை மூடி நின்று
திரும்பி வந்து
'ற'வின் காலைக் கொஞ்சம் நீட்டுவேன்.
பத்து மணிக்குமேல் கச்சான் எழும்பி
ஈர எழுத்தெல்லாம் மணலாகும்.

பெயர்கள் எளிது.
புனிதரோ பிள்ளையோ,
பக்கத்தில் சிலுவையோ பிறையோ வேலோ,
கூலி ஒன்றுதான்.
ஒருவர் மகள் பெயரை அழிக்கச் சொன்னார்.
ஏனென்று கேட்பது என் வேலையில் சேராது.
இரண்டு பூச்சுப் பூசினேன்.
சாயங்கால வெயிலில் அவள் பெயர் மேடாகத் தெரிந்தது.
மூன்றாவதும் பூசினேன்.

எண்ணில்தான் தப்பக்கூடாது.
போன வருடம் ரெபோன்ஸ் படகுக்குப் போட்ட எட்டு
ஆடி முடிவதற்குள் உரிந்து மூன்றாகிவிட்டது.
டீசல் டோக்கன் கொடுக்கிற ஆபீசில்
அந்த மூன்று வேறு யாருடையதோ.
அலைந்ததில் நாலு நாள் கடல் போனது.
ஏலக்கூடத்தில் அத்தனை பேர் முன்னால் கேட்டான்:
"எட்டுப் போடத் தெரியாத ஆளுக்கு
எதுக்குக்கா பிரஷ்?"

பெயின்ட் மேல் பழி போட்டிருக்கலாம்.
உண்மை என்னவென்றால்
பலகையின் உப்பு போக
நல்லதண்ணியில் கழுவாமல் எழுதினேன்.
அன்று தண்ணி லாரி வரவில்லை.
அதைச் சொன்னால் சாக்கு.

இந்த வருடம் அவனே வந்து கூப்பிட்டான்.
வீட்டுக் குடத்தைப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன்.
கண்டக்டர் குடத்துக்கும் டிக்கெட் கிழித்தார்.
கழுவினேன். காய்ந்ததும்
விரலால் தடவி நாக்கில் வைத்தேன்.
கரித்தது.
மறுபடி கழுவினேன்.

எட்டின் இடப்பக்கம்தான் முதலில் விடும்.
குனிந்து பார்த்தபோதுதான் தெரிந்தது,
நங்கூரக் கயிறு உரசுகிற பக்கம் அது.
பாதிக் குற்றம் கயிற்றுடையது.
ரெபோன்ஸிடம் சொல்லவில்லை.
அங்கே ஒரு டயர்த் துண்டை ஆணியடிக்கச் சொல்லி
ஜஸ்டஸ் காதில் மட்டும் போட்டேன்.

மேல் வட்டம், கீழ் வட்டம்,
கீழது ஒரு நெல் அளவு பெரிது.
ரெபோன்ஸ் டீ வாங்கி வந்து
ஆறும்வரை கையிலேயே வைத்திருந்தான்,
நான் பிரஷைக் கீழே வைக்காததால்.
கூலியை நீட்டினான்.
"எட்டுக்கு வேண்டாம், மத்த எண்ணுக்குக் குடு" என்றேன்.
எண்ணிக் கழித்துத்தான் கொடுத்தான்.

தடை முடிந்த காலை
பெயின்ட் வாங்க மண்டபம் போகிற பேருந்து
பாலத்தின் மேல் மெதுவானது.
கீழே ஒன்றன்பின் ஒன்றாகப் படகுகள்.
ஜஸ்டஸின் பஞ்சு தெரியவில்லை,
சேகு நைனாவின் பட்டை தண்ணீருக்குள் போகக் காத்திருந்தது,
யார் மகள் பெயரும் இவ்வளவு உயரத்துக்கு வரவில்லை.
ஒரு எட்டு தெரிந்தது.
மூன்றோ?
ஜன்னலில் தலையை நீட்டி
ஒற்றைக் கண்ணை மூடுவதற்குள்
பாலம் முடிந்துவிட்டது.